கப்பலில் வந்தார்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கிலும் நார்வேயிலும் கப்பல்களுக்கு இளவரசிகளின் பெயரை வைக்கிறார்களே, டேனிஷ் கதாசிரியர் ஆண்டர்சனின் தேவதைக் கதைகளின் பாதிப்பா? பெண்ணைப் போல் கப்பலும் மென்மையானது என்பதாலா? என் மகளுக்கு இரவில் இந்தக் கதைகளைத்தான் சொல்கிறேன்.

(ஒரு வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

மகளுக்குக் கதை சொல்லும் வீடுகள் குறைந்துவிட்டன. நீங்கள் சொல்கிறீர்கள், நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த ‘மென்மை’யை அவளிடம் சொல்லிவைக்காதீர்கள். 1934-ல் ‘பட்டத்து இளவரசி மார்த்தா’ என்ற நார்வேக் கப்பல், மூழ்கவிருந்த ஜெர்மன் கப்பலிலிருந்து 553 பேரை ஏற்றிக்கொண்டது. மென்மையாம்!

கதைகளில் இளவரசி என்ன செய்கிறாள்? நார்வேக் கதையில் கண்ணாடி மலை உச்சியில் மடியில் மூன்று தங்க ஆப்பிள்களோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏறி வருபவனுக்கு அவளும் பாதி ராஜ்யமும். நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கிற சீர்வரிசை. இளவரசி உட்கார்ந்திருப்பாள், அவள் பெயர் வைத்த கப்பல் ஊர் சுற்றும். 1930-ல் பிறந்த நார்வே இளவரசி ரக்ன்ஹில்டுக்கு ஒரு வயதானபோதே அவள் பெயரில் கப்பல் ஓடியது. போரில் 1940-ல் அது ஏறக்குறைய 300 பேரோடு மூழ்கியபோது அவளுக்குப் பத்து வயது. அமெரிக்காவில் அகதியாக இருந்தாள். அந்தப் பெயர் கொண்ட கப்பலின் சாவுச் செய்தியை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

ஆண்டர்சன் பாதிப்பா என்றீர்கள். அவர் பிறந்தது 1805-ல். அதற்கு நூறு வருடம் முன்பே, 1705 நவம்பரில், கோபன்ஹேகனிலிருந்து ஓர் இளவரசி பெயரில் கப்பல் கிளம்பி, அடுத்த ஜூலை 9-ல் தரங்கம்பாடிக்கு வந்துவிட்டது. அதில்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்தார். எங்கள் பாடத்தில் ‘கப்பலில் வந்தார்’ என்று மட்டும் இருந்தது. “கப்பலுக்குப் பேர் என்ன சார்?” என்று கேட்டேன். “பரீட்சைக்கு வராது, உட்கார்.” ஆசிரியர் மேல் இன்னும் கோபம்தான்.

பெயர் சோபியா ஹெட்விக். டேனிஷ் அரசர் நான்காம் பிரெடரிக்கின் தங்கை. பேசிய சம்பந்தம் எதுவும் கூடவில்லை. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருக்கும் பாதி ராஜ்யம் கிடைக்கவில்லை. 1735-ல் சாகும்போது தன் வெம்மெடோஃப்டெ பண்ணையை மணமாகாத பிரபுகுலப் பெண்கள் தங்குவதற்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

போன மாதம் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு வெளியே கடலைப் பார்த்தபடி நின்றேன். சீகன்பால்கு வந்திறங்கியதற்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. பக்கத்தில் சுண்டல் விற்ற பையனிடம் கப்பலின் பெயரைச் சொன்னேன். “அந்தம்மா இங்க வந்தாங்களா?” என்றான்.