மாத்திரையை ஒளிக்கும் பையன்: தங்கச்சிமடம் அக்காவுக்கு

அக்கா, நீங்கள் வளர்க்கும் தங்கை மகன், ஆறு வயதுப் பையன், எச்.ஐ.வி. மாத்திரையைத் துப்பிப் பாய்க்கு அடியில் ஒளிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அடிக்காதீர்கள். என் அண்ணன் மகளும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். ஓலைப்பாய் மடிப்பில் ஊறிப்போன மாத்திரைகளைப் பார்த்து அழுதிருக்கிறேன். அவளுக்குக் கசப்புதான் காரணம். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இதை மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை உண்டு. எடை பார்த்துத் தருவார்கள். நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

"எனக்கு மட்டும் ஏன்?" என்கிறானா? "உன் இரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு, மாத்திரை அதைத் தூங்க வைக்குது" என்று சொல்லுங்கள். இந்த வயதுக்கு அது போதும். நோயின் பெயரை அப்புறம் ஆலோசகரோடு சேர்ந்து சொல்லலாம்.

ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகக் கொடுக்காதீர்கள். அடிக்கடி விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அதுதான் பயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் சொந்த பந்தம் வீட்டுக்குப் போவீர்கள். கையில் கூடுதலாகச் சில நாள் மருந்து வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.