பாதியில் திரும்பிய விமானத்துக்கு வந்த பில் வீண் செலவா?

கேள்வி: நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மகள் விமானி பயிற்சியில் 110 மணி நேரம் பறந்து முடித்திருக்கிறாள். விடுதி, வகுப்பு எல்லாம் சேர்த்து இதுவரை 24 லட்சம் ஆகிவிட்டது. மீதி 90 மணி நேரத்துக்கு, மணிக்கு 14,000 வீதம் 12.6 லட்சம் கட்ட வேண்டும். மொத்தமாக இந்த மாதமே கட்டினால் 12 லட்சம் போதும் என்கிறார்கள். மனைவியின் நகைகளை 10 சதவீத வட்டிக்கு அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். இன்னொன்று: போன வாரம் முதல்முறையாகத் தனியாக நீண்ட தூரம் பறக்கக் கிளம்பியவள், வழியில் மேகம் என்று பாதியிலேயே திரும்பிவிட்டாள். 1.6 மணி நேரத்துக்கு 22,400 ரூபாய் பில் போட்டுவிட்டார்கள். அதே பயணத்துக்கு மறுபடியும் கட்ட வேண்டுமாம். இந்த நஷ்டத்தைத் தவிர்க்க வழி உண்டா? கையில் 4 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. மாதம் 40,000 மிச்சம் பிடிக்க முடியும்.

பதில்: நகைக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 22,400 ரூபாய். அது நஷ்டமே இல்லை.

வணிக விமானி உரிமத்துக்கு, அதை வழங்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுவதும் மாணவரிடமே இருக்க வேண்டும். அந்த 100-க்குள் 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறப்பது. அந்த இருபதில் ஒரு பயணமாவது 300 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் இருக்க வேண்டும். வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி ஏற வேண்டும். உங்கள் மகள் கிளம்பியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவள் தனியாக ஓட்டிய 1.6 மணி நேரம் பறப்புப் பதிவேட்டில் அப்படியே ஏறியிருக்கும். 200-லும் சேரும், 100-லும் சேரும். எப்படியும் பறந்தே தீர வேண்டிய நேரம்தான் அது. நீண்ட பயணம் ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது. கடைசியில் கணக்கு முடிக்கும்போது இப்படிப்பட்ட திரும்பல்களால் சில மணி நேரம் கூடுதலாகலாம். அதற்கு இப்போதே பணம் ஒதுக்கிவிட்டால் போதும்.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சேலத்தில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, திருச்சி வழியாகச் சேலம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 385 நாட்டிக்கல் மைல். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில், ஓடுபாதைக்குப் போய்வரும் நேரமும் சேர்த்து, நான்கு மணி நேரம் பிடிக்கும். உங்கள் கட்டணப்படி 56,000 ரூபாய். பக்கத்து இருக்கை காலி. தொடை மேல் கட்டிய பலகையில் ஒவ்வோர் ஊரையும் எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பாள். காற்று கணித்ததைவிடப் பலமாக எதிரே அடித்தால் அந்த நேரங்கள் தள்ளிப்போகும், எரிபொருள் கணக்கும் மாறும். வெளியே பார்த்து ஓட்டும் நிலையில் இருக்கிற மாணவிக்கு மேகத்துக்குள் நுழைய அனுமதி கிடையாது. முன்னே மேகம் இறங்கி வந்தால் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பக்கத்து நிலையத்தில் இறங்க வேண்டும். வேறு வழியில்லை.

அந்த நேரத்தில் ‘அப்பாவுக்கு இன்னொரு 22,000 செலவாகுமே’ என்ற நினைப்பு அவள் மனதில் வரவே கூடாது. நிதி ஆலோசகனாக நான் உங்களுக்குச் சொல்வதில் முக்கியமானது இதுதான். மேகத்தைப் பார்த்துத் திரும்பிய பெண் பயிற்சியைச் சரியாகக் கற்றிருக்கிறாள். அந்த பில்லைப் பற்றி வீட்டில் ஏதாவது பேசியிருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் அவளைக் கூப்பிட்டு, “திரும்பி வர பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்மா, நீ பில்லைப் பற்றி யோசிக்காதே” என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் 4 லட்சத்தில் 1.5 லட்சத்தை இதற்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். மணிக்கு 14,000 என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மறுபடி பறப்பது மட்டும் இல்லை. வெளியூரில் பொழுது சாய்ந்துவிட்டால் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். தங்கும் செலவு, விமானத்தை நிறுத்திவைக்கும் கட்டணம், எல்லாம் இதிலிருந்தே போகட்டும். மிச்சம் 2.5 லட்சம், உரிமம் வந்த பிறகு வேலைக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கு. வருடா வருடம் மருத்துவத் தகுதிச் சோதனை உண்டு, தேர்வுகளுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்குக் கைக்காசு வேண்டும்.

சரி, இப்போது 60,000 ரூபாய் தள்ளுபடி. 12 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 10,000 வட்டி. ஆறே மாதத்தில் தள்ளுபடி கரைந்துவிடும். 90 மணி நேரம் ஆறு மாதத்தில் முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை குறுக்கே வரும், விமானம் பராமரிப்புக்குப் போய் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், மொத்தமாகக் கட்டிய முன்பணத்துக்கு உங்கள் கையில் எந்தப் பிடியும் இருக்காது. சரக்கு வந்து இறங்காமல் ஆறு மாதச் சரக்குக்கான பணத்தை நீங்கள் எந்த வியாபாரிக்கும் அனுப்ப மாட்டீர்கள். இங்கேயும் 15 மணி நேரம், 20 மணி நேரம் என்று பிரித்துக் கட்டுங்கள். பறக்காத மணி நேரத்துக்குப் பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், எரிபொருள் விலை ஏறினால் கட்டணம் மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ஒரு தவணைக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நகைக்கடன் பொதுவாக ஓராண்டில் அடைக்க வேண்டியது. ஓராண்டுக்குள் மகள் சம்பளம் வாங்கத் தொடங்குவாள் என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள பயிற்சிக்கு வங்கிகள் தருகின்றன. மீதிக் கட்டணத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் வரை பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டாமல் இருக்கலாம். வட்டி ஓடும், அதை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். பணம் தவணையாக நேரே பள்ளிக்குப் போவதும் உங்களுக்கு நல்லது. நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை வரிக் கழிவு உண்டு.

12.6 லட்சத்தில் கல்விக்கடன் 7.5 லட்சம் போக மீதி 5.1 லட்சத்தில், மாத மிச்சம் ஆறு மாதத்தில் 2.4 லட்சம் தரும். குறைவது 2.7 லட்சம். அதற்கு மட்டும், தேவைப்படும் மாதத்தில், கொஞ்சம் நகையை வையுங்கள். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு இன்னும் பல லட்சங்கள் ஆகும். ‘வேலை உறுதி’ என்று சொல்லி இப்போதே அதற்கும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மகள் 180 மணி நேரம் தாண்டியதும் அந்தக் கேள்வியைத் தனியாக எழுதி அனுப்புங்கள். அன்றைய தேதியில் கல்விக்கடன் பாக்கி எவ்வளவு, கடையின் ஓராண்டு வரவு செலவு என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.