எட்டு எலி பிடித்தும் தொல்லை தீரவில்லையே!

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி எலியைப் பற்றியவை. ஐப்பசி மழைக்கு முன்னால் இப்படி வருவது வழக்கம்தான். டெல்டா பக்கத்து நகராட்சி ஒன்றில் முப்பத்தோரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் என்பதால், ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பிவிட்டார்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். ஒரு மாதமாகப் பொறி வைத்து எங்கள் வீட்டில் மட்டும் எட்டு எலி பிடித்துவிட்டோம். ஆனாலும் ராத்திரியில் பரண் மேல் ஓட்டம் நிற்கவே இல்லை. எங்கே தப்பு செய்கிறோம்? (வாசகி, நங்கநல்லூர்)

எட்டு எலி பிடித்தது சாதாரண வேலை இல்லை அம்மா. ஆனால் எலிக் கணக்கு வேறு மாதிரி. சினை மூன்று வாரம்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு, ஏழு குட்டி. அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். நீங்கள் எட்டைப் பிடித்ததால் காலியான இடத்துக்கு, அதே தீனியை நம்பிப் பக்கத்து வளையில் இருந்தவை வந்துவிட்டன. தீனியும் வழியும் இருக்கும்வரை இப்படித்தான் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் என்ன எலி என்று பாருங்கள். பரண், ஓடு, கேபிள் கம்பி, தென்னை மரம் என்று மேலேயே திரிந்தால் அது ஒல்லியான, நீண்ட வாலுள்ள வீட்டெலி. காம்பவுண்டு ஓரம் மண்ணை மேடாகத் தள்ளி வளை போட்டிருந்தால், சாக்கடை மூடிப் பக்கம் தரை அமுங்கியிருந்தால், பெருச்சாளி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்களுக்குப் பரணில் ஓட்டம் என்பதால், மாடியைத் தொடும் மரக்கிளையை மூன்றடி தள்ளி வெட்டிவிடுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து ஓட்டைகளைப் பாருங்கள். ஏசி குழாய் நுழையும் இடம், குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி, கதவின் அடி. கட்டைவிரல் நுழைகிற ஓட்டையில் எலியும் நுழையும், சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலிக்குப் போதும். வெறும் சிமெண்ட்டை ஈரம் காய்வதற்குள் பிறாண்டிவிடும். கண்ணாடித் துண்டுகளையோ கம்பி வலையையோ உள்ளே திணித்து, அதன்மேல் கொத்தனாரைப் பூசச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கேட்காமலே இதைச் செய்வார்கள்.

எலி எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லையா? படுக்கப் போகும் முன் சுவரோரமாகக் கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் காலடி தெரியும். வெளியே உள்ள வளைகளைச் சாயங்காலம் மண் போட்டு மூடுங்கள். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. டெல்டாவில் வயல்காரர்கள் செய்வதும் இதேதான்.

பொறியைப் பொறுத்தவரை, எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். வைத்த அன்றே எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாள் விசையை மாட்டாமல் மசால் வடையோ சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்து, தின்றுவிட்டுப் போக விடுங்கள். நாலாம் நாள் விசையை மாட்டுங்கள். பொறி நடு அறையில் வேண்டாம். எலி சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும், பொறியும் சுவரை ஒட்டியே இருக்கட்டும். முக்கியமாக, வீட்டுக்கு ஒன்று என்று வேறு வேறு நாளில் வைக்காமல், தெரு முழுக்க ஒரே இரவில் நிறையப் பொறி வையுங்கள். பிடித்த எலியைக் கூண்டோடு தூக்கிப்போய் அடுத்த தெரு காலி மனையில் விடுகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் தெருவிலும் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தீனி. இரவு எட்டு மணிக்கு வாசலில் கட்டி வைக்கும் குப்பைப் பை, நாய்க்கு வைத்த சோற்றில் மிச்சம், காக்கைக்கு வைத்த சாதம், மாடியில் புறாவுக்குப் போடும் தானியம். இருபத்தோரு வீடு இதை நிறுத்தி ஒரு வீடு நிறுத்தாவிட்டால், அந்த ஒரு வீட்டை நம்பியே எலி நிலைத்துவிடும். எங்கள் தெருவிலேயே மழைநீர் வடிகால் வேலை முடிந்ததும் இரண்டு மூடிகளைப் போடாமல் எட்டு மாதம் விட்டுவிட்டார்கள். நாங்கள் பதினாறு வீட்டுக்காரர்கள் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, மூடி வரும்வரை வாராவாரம் போய் நின்றோம். ஒரு எலிகூடப் பிடிக்காமலே அந்த மழைக்காலம் நிம்மதியாகப் போனது.

எலி பேஸ்ட், எலி கேக், எது நல்லது? வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். (வாசகர், திண்டுக்கல்)

பேத்தி இருக்கிற வீட்டில் இரண்டுமே வேண்டாம் ஐயா. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

டியூப்பில் வந்த எலி பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சாப்பிட்டவர் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு அடுத்த நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வீட்டார் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். தேங்காய்த் துண்டில், தக்காளியில் தடவி மூலையில் வைத்ததைக் குழந்தை எடுத்து வாயில் போட்ட கதைகளை என் வேலைக்காலத்தில் நேரில் பார்த்தவன் நான். வீட்டில் பழைய டியூப் ஏதாவது கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அட்டைப்பெட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேக் வேறு வகை. பெரும்பாலும் புரோமாடியோலோன் என்ற மருந்து, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். இதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது. ஆனால் எலி சாக நாலைந்து நாள் ஆகும். “தின்றதும் வெளியே ஓடிப்போய்ச் செத்துவிடும்” என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பரணிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ செத்து, வீடே நாறிப்போகும். அந்த எலியைத் தின்ற பூனைக்கும் கூகைக்கும் ஆபத்து. கூகையைப் பலர் அபசகுனம் என்று விரட்டுகிறார்கள். அது இரவெல்லாம் நமக்காக எலி பிடிக்கிற பறவை.

மருந்துப் பொடி வைக்கும் ஆட்களைக் கூப்பிடுவதாக இருந்தால், என்ன மருந்து, எந்த அறை, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். படுக்கையறையில் வைக்கவே விடாதீர்கள். பாஸ்பைடு வகை மருந்துகள் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடி பரவி இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலி பிடித்தால் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் அறிவிக்கலாமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். 1902-இல் வியட்நாமின் ஹனோய் நகரத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். நகரத்துக்கு அடியில் அவர்கள் கட்டிய சாக்கடையில் எலி பெருகிவிட்டது. எலி வாலுக்குக் காசு என்று அறிவித்தார்கள். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, எலி குறையவில்லை. பார்த்தால், வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியை இனப்பெருக்கத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எலி வளர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். சங்கத்தில் பணம் இருந்தால் மூடி போட்ட குப்பைத் தொட்டிகளும், ஒரு நாள் கொத்தனார் கூலியும் கொடுங்கள்.

கீச் கீச்சென்று கத்திக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு கூர்மூக்கு எலி ஒன்று வருகிறது. கொல்லலாமா? (வாசகி, காரைக்குடி)

அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சிகளைத் தின்று வாழ்வது. கதவைத் திறந்து விளக்குமாற்றால் வழிகாட்டினால் போய்விடும். கொல்ல வேண்டாம் அம்மா.

காருக்குள் புகுந்து ஒயரைக் கடித்து மூன்று தடவை செலவு வைத்துவிட்டது. பானெட்டுக்குள் புகையிலை வைத்தால் போதுமா? (வாசகர், கோவை)

இரண்டு நாள் வாசனை இருக்கும்வரை போதும். எலி விரட்டும் ஒலிக் கருவிகளும் அப்படித்தான், எலி பழகிவிடும். வண்டியைத் தினமும் கொஞ்சம் ஓட்டுங்கள். ஓட்டாத நாளில் இரவு பானெட்டைத் திறந்து வையுங்கள், இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி தங்காது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். காருக்குள் பிஸ்கட் துகள் கிடந்தால் பெருக்கிவிடுங்கள்.

மளிகை அலமாரி முழுக்க எலிப் புழுக்கை. என் கணவர்தான் சுத்தம் செய்தார், மறுவாரம் அவருக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சலாக இருக்குமோ? (வாசகி, விழுப்புரம்)

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதில் அச்சாகும்வரை காத்திராமல் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லித் தபாலும் போட்டுவிட்டேன். எலியின் சிறுநீரில் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி, ஈரத்திலும் தேங்கிய தண்ணீரிலும் இருந்து தோல் வெடிப்பு, கண், வாய் வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை. சீக்கிரம் போனால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும். “வீட்டில் எலி இருந்தது, நான்தான் சுத்தம் செய்தேன்” என்று டாக்டரிடம் அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றாமல் போகலாம்.

இனி புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். எலி கடித்த பருப்பு, மாவு மூட்டையில் மேலாக அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள மனசு வரும். வேண்டாம், முழுதும் கொட்டிவிடுங்கள். புதிதாக வாங்குவதை எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை ஒரே இரவில் ஓட்டையாக்கிவிடும்.

உங்கள் கணவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டு போடுங்கள் அம்மா.