வாங்குவதா, அடிப்பதா? வாசகர்களின் ஸ்பீக்கர் கேள்விகள்

கேள்வி: புது வீட்டு ஹோல் 14 அடிக்கு 12 அடி, தரை டைல்ஸ். பழைய பாட்டுகள், கொஞ்சம் கர்நாடக சங்கீதம், இரவில் ஒரு படம், இதுதான் எங்கள் தேவை. கொழும்பில் ஒரு பிராண்ட் ஸ்பீக்கர் சோடி பார்த்து வைத்திருக்கிறேன். மச்சான் சொல்கிறார், "விசர் வேலை, அரைவாசிக் காசுக்குத் தச்சரை வைத்து நானே அடித்துத் தருகிறேன், உள்ளே இருப்பது இரண்டு கோனும் நாலு வயரும்தான்" என்று. யாரை நம்புவது?
(வாசகர், கொக்குவில்)

பதில்: மச்சான் சொல்வதில் பாதி உண்மை. பிராண்ட் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தாழ்ந்த ஒலிக்கு ஒரு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டர், நாலைந்து கொயிலும் (கம்பிச் சுருள்) கொண்டென்சரும் பூட்டிய சின்னப் பலகை, கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான் இருக்கும். இதுக்கா இவ்வளவு காசு என்று யாருக்கும் தோன்றும். கடைக்காரர் லாபம், விளம்பரம், கப்பல் கூலி, சுங்க வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாகிவிட்ட வற் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சின்னப் பலகையில் எந்தக் கொயிலைப் போடுவது, எந்தக் கொண்டென்சரைப் போடுவது என்று முடிவெடுக்க எதிரொலி இல்லாத அறையில் மைக் வைத்து அளந்து, ஒன்றை மாற்றி, திரும்ப அளந்து, காதாலும் கேட்டுப் பார்த்த ஆட்களின் வேலை இருக்கிறதே, அதை மச்சான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பலகைக்குப் பெயர் க்ரொஸ்ஓவர். தாழ்ந்த சுருதியை வூஃபருக்கும் உயர்ந்ததை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. வீட்டில் அடிக்கிற பெட்டிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான், மரவேலையில் இல்லை. கடையில் ரெடிமேட்டாக ஒரு க்ரொஸ்ஓவர் வாங்கி, கையில் கிடைத்த வூஃபரையும் ட்வீட்டரையும் அதில் பூட்டிவிடுவார்கள். அந்தப் பலகை, வூஃபரின் மின்தடை எப்போதும் 8 ஓம் என்று நினைத்துச் செய்யப்பட்டது. உண்மையில் 8 ஓம் என்று எழுதிய வூஃபர், சுருதி மாற மாற ஆறிலிருந்து முப்பதுக்கு மேலும் போய் வரும். அதனால் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமல் இரண்டும் ஒரே சுருதியில் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கும், அதுவும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பக்கம், பாடுகிறவரின் சொல்லும் வயலினின் கூர்மையும் இருக்கிற இடத்திலேயே. கர்நாடக சங்கீதம் கேட்கிறவருக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை.

இன்னொன்று, பெட்டியின் முகப்பு அகலம். 20 சென்ரிமீற்றர் அகலமான முகப்பு என்றால் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி நேரே உங்களை நோக்கி வரும், அதற்குக் கீழே உள்ளது பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். இதனால் தாழ்ந்த பகுதி 6 டெசிபல் வரை மெலிந்து கேட்கும். நல்ல வடிவமைப்பாளர் இதையும் க்ரொஸ்ஓவரில் சரிக்கட்டியிருப்பார். தச்சர் "முகப்பை ரெண்டு இஞ்சி கூட்டினால் வடிவாக இருக்கும்" என்று சொல்லிக் கூட்டினால் அந்தக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெட்டி எதற்கு என்பதை யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை, வெறும் ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்தால் சத்தம் தடிப்பாக வரும் என்பதைத் தானே கண்டுபிடித்தது. ஸ்பீக்கரில் அசைகிற கூம்பான கோனின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், பானை அந்தச் சந்திப்பைத் தடுத்தது. பானை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற கணக்கை 1961 இல் அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியியலாளர் எழுதினார், எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்தார். இன்று எந்த நல்ல வூஃபரோடும் அவர்கள் பெயரிலான அளவுகள் அச்சிட்டு வருகின்றன, வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால் எத்தனை லீற்றர் பெட்டி என்று சொல்லிவிடும். அந்த அளவுகள் இல்லாத வூஃபரை, காந்தம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். என் அபிப்பிராயம், முன்னால் வைக்கிற சோடியை வாங்குங்கள். ஆனால் பெயரைப் பார்த்து வாங்காமல் மாடலைப் பார்த்து வாங்குங்கள். உதாரணத்துக்கு, ஜேபிஎல் ஹார்மன் கொம்பனியின் பிராண்ட், ஹார்மனை 2017 இல் சாம்சங் வாங்கிவிட்டது, சினிமாத் தியேட்டர் ஸ்பீக்கரிலும் சட்டைப் பைக்குள் போகிற புளூடூத் டப்பாவிலும் அதே மூன்று எழுத்துத்தான் இருக்கிறது. உங்கள் அளவு அறைக்கு ஸ்டூடியோக்காரர் பாவிக்கிற, மொனிட்டர் எனப்படும் 5 இஞ்சி ஸ்பீக்கர் சோடி, யமஹா எச்எஸ்5 போன்றது, அல்லது ஜேபிஎல் 305பி போன்றது, போதும்; அம்பிளிபயரும் உள்ளேயே இருப்பதால் தனியாக வாங்கத் தேவையில்லை. ஒரு கரைச்சல், சத்தம் கூட்டுகிற குமிழ் ஒவ்வொன்றின் முதுகிலும் தனித்தனியாக இருக்கும், ரிவியிலோ ஃபோனிலோதான் கூட்டிக் குறைக்க வேண்டும். வயரும் சாதாரண வயர் பொருந்தாது, கடையில் கேட்டு அதோடேயே வாங்கிவிடுங்கள்.

மச்சானையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கு சப்வூஃபர் வேலையைக் கொடுங்கள். மிகத் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் வைக்கிற தனிப் பெட்டியான சப்வூஃபர் என்பது பெரும்பாலும் மரமும் காற்றும். பிராண்ட் சப்வூஃபருக்கு நீங்கள் கொடுக்கிற காசில் நல்ல பங்கு அந்தப் பாரத்தையும் வெறும் இடத்தையும் கப்பலில் ஏற்றி இறக்குகிற செலவு. இங்கே நல்ல தச்சர்கள் இருக்கும்போது காற்றை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? க்ரொஸ்ஓவர் சிக்கலும் இல்லை, 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும் வசதி சப்வூஃபர் அம்பிளிபயரிலேயே வரும். முகப்பு இரண்டு இஞ்சி கூடினாலும் ஒன்றும் ஆகாது, லீற்றர் கணக்கு மாறாமல் இருந்தால் போதும். வூஃபரும் அம்பிளிபயரும் மட்டும் வெளியிலிருந்து வரட்டும். காற்றுப் புகாத மூடிய பெட்டியாக அடியுங்கள், துளை வைத்த பெட்டியில் சின்னப் பிழையும் ஊதல் சத்தமாகக் கேட்கும்.

பலகை பற்றித் தச்சரோடு ஒரு வாக்குவாதம் வரும். அவர் தேக்கு, பலா என்பார், அவருக்குப் பிரியமானது அதுதான். கெட்டி மரம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஊதி, பங்குனி வெயிலுக்குச் சுருங்கி, மூட்டில் காற்று போக வழி விடும். 18 மில்லிமீற்றர் பிளைவூட் கேளுங்கள். சிப்போர்ட் வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் பிட்டு மாதிரி உதிரும். கறையான் மருந்து அடிக்க மறக்காதீர்கள்.

கடையில் வாங்குகிற ஸ்பீக்கரையும் வீட்டில் அடிக்கிற ஸ்பீக்கரையும் எப்படி ஒப்பிடுவது என்று மச்சான் கேட்பார். நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக் கேளுங்கள். 1994 இல் ஹார்மனில் ஒலி ஆய்வாளர்களான ஃபிலோய்ட் டூலும் ஷோன் ஒலிவும் செய்த பரிசோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபோது கொடுத்த புள்ளி ஒன்றாகவும் மறைத்தபோது கொடுத்த புள்ளி வேறாகவும் இருந்தன. பிராண்டைப் பார்த்து மயங்குகிற அதே மனம், தான் அடித்த பெட்டியைப் பார்த்தும் மயங்கும். இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்கிவிட்டுக் கேட்க வேண்டும், கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் வெல்லும்.

ஹோலைப் பற்றி ஒரு வார்த்தை. டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் என்றால் ஒருக்கால் கையைத் தட்டிப் பாருங்கள், 'டொய்ங்' என்று கேட்கும். அது போகும்வரை எந்த விலை ஸ்பீக்கரும் ஒன்றுதான். தடித்த திரைச்சீலை, செற்றி, புத்தக அலுமாரி, எதுவும் உதவும். 14 அடி நீளத்தில் 41 ஹெர்ட்ஸ் பக்கமும் 12 அடியில் 48 ஹெர்ட்ஸ் பக்கமும் பேஸ் குமிந்து நிற்கும், ஆகவே சப்வூஃபரை மூலையில் திணிக்காமல் சுவரோரமாக நகர்த்தி நகர்த்திக் கேட்டுவிட்டு வையுங்கள்.

கேள்வி: பெட்டியில் "5000 வாட் பிஎம்பிஓ" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: அதோடு வந்த அடப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தால் பெருக்கி 24 வாட். சுவரிலிருந்து வருவதே அவ்வளவுதான், மிச்சம் 4976 எங்கிருந்து வரும்? பிஎம்பிஓ, அதாவது ஒரு கணத்து உச்ச சக்தி என்று போடுவதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து பெரியப்பா முந்திக் கொண்டுவந்த நல்ல பிராண்ட் ஸ்பீக்கர் சோடி. வூஃபரைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் தொட்டால் உதிர்கிறது, சத்தம் கரகரக்கிறது. எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: எறியாதீர்கள்! உதிர்கிறது கோன் இல்லை, அதைப் பிடித்து வைத்திருக்கிற ஃபோம் வளையம். பொலியூரித்தேன் ஃபோம் எங்கே இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் உளுத்துப் போகும், எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் கெதியாக. கோன் கிழியாமல், மெதுவாக இரு பக்கமும் அமத்தும்போது உள்ளே உரசாமல் இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். வளையம் அளவுக்கு ஏற்ப வெளிநாட்டில் விற்கிறார்கள், கோனின் விட்டத்தையும் வூஃபர் சட்டத்தின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்து சொன்னால் உறவினர் யாரும் தபாலில் போடலாம், பாரமே இல்லை. றப்பர் வளையம் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம், அது பாரம் கூட, வூஃபரின் குணமே மாறும். பசையும் இளகிய வகையாக இருக்கவேண்டும், சுப்பர் குளூ கூடவே கூடாது.

கையால் செய்ய நடுக்கமாக இருந்தால், கோயில் ஒலிபெருக்கிகளுக்குக் கொயில் சுற்றுகிற ஆள் ஒருவர் உங்கள் பக்கமும் இருப்பார், அவரிடம் கொடுங்கள். ஆனால் "கோனையும் மாத்திவிடுறன்" என்றால் சம்மதிக்காதீர்கள். வேறு கோன் போட்டால் பெட்டியில் இருக்கிற பெயர் மட்டும்தான் பழசு. கடற்காற்று என்பதால் பின்னால் வயர் பூட்டுகிற இடத்தில் பச்சை பிடித்திருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற மகன் ஸ்பீக்கர் செய்யப் போகிறேன் என்று நிற்கிறான். காசைக் கரைப்பானோ, கரண்டில் கை வைப்பானோ என்று பயம்.
(ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: விடுங்கள் அம்மா. கொக்குவில்காரருக்கு வாங்கச் சொன்னேன், அவருக்குப் பாட்டுக் கேட்க வேண்டும். உங்கள் மகனுக்குச் செய்ய வேண்டும், அது வேறு ஆசை. முதல் தடவையே மூன்று வழிப் பெட்டி (ஒலியை மூன்றாகப் பிரிப்பது) என்று தொடங்காமல் எல்லாச் சுருதியையும் ஒன்றே பாடுகிற 3 அல்லது 4 இஞ்சி ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு வாங்கட்டும், க்ரொஸ்ஓவரே தேவையில்லை. முன்பே யாராவது அளந்து வெளியிட்ட பெட்டி வரைபடம் ஒன்றை ஒரு மில்லிமீற்றரும் மாற்றாமல் வெட்டட்டும்.

கரண்ட் விஷயத்தில் உங்கள் பயம் சரி. 230 வோல்ட் நேரே போகிற அம்பிளிபயர் எதையும் இப்போதைக்குத் தொடக்கூடாது. 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிற சின்ன கிளாஸ்-டி (கரண்டைக் குறைவாகத் தின்கிற வகை) அம்பிளிபயர் பலகை போதும், கரண்ட் போனால் அதை மோட்டார் சைக்கிள் பற்றரியிலும் ஓட்டலாம். பற்றரியில் ஓட்டும்போது வயரில் ஒரு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

பூட்டி முடித்துவிட்டு பேஸே வரவில்லை என்று அழுதால், ஒரு பக்க ஸ்பீக்கரின் வயர் மாறியிருக்கும். அம்பிளிபயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை வோல்ட் பற்றரியை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொடட்டும். கோன் வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ், உள்ளே போனால் மற்றது.