படிக்க எடுத்த போன் ஏன் கடைக்குள் போகிறது?

கேள்வி: முன்பெல்லாம் ஒரு தடித்த நாவலை நாலைந்து நாளில் முடித்துவிடுவேன். இப்போது போனில்தான் படிக்கிறேன், பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. இரவு படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு ஷாப்பிங் செயலிக்குள் இருக்கிறேன். தேவையில்லாத ஒன்றை ஆர்டர் செய்த பிறகுதான் சுதாரிக்கிறேன். மின்னூல்களையும் இப்படியே வாங்கிக் குவித்து, நாற்பதுக்கு மேல் திறக்காமலே கிடக்கின்றன. மின்னூல் படிக்க மட்டுமே உள்ள இ-ரீடர் கருவி ஒன்றைத் தனியாக வாங்கினால் சரியாகுமா? இல்லை, என் மனதுதான் படிக்கும் பழக்கத்தை இழந்துவிட்டதா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்கும் பழக்கம் திரும்ப வரும்.

நான் பல வருடங்களாகச் செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஒருவர் ஒரு பொருளைப் பார்த்ததிலிருந்து வாங்கி முடிக்கும்வரை எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கிற வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆசைப்படுவதற்கும் வாங்குவதற்கும் நடுவே முன்பு நிறைய இடைவெளிகள் இருந்தன. எங்கள் தொழில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. படிப்பு இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் வரிக்கு வரி இடைவெளி வந்து புகுந்துவிட்டது. நீங்கள் சொல்லும் இரண்டு சிக்கலும் இதிலிருந்து வந்தவைதான். எடுத்த இடைவெளியை வாங்குவதில் திரும்ப வைக்க வேண்டும், புகுந்த இடைவெளியைப் படிப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

வாங்குவதை முதலில் பார்ப்போம். கிளம்பிப் போவது, தேடுவது, வரிசையில் நிற்பது, பணத்தை எண்ணிக் கொடுப்பது என்று ஒவ்வொன்றும் நேரம் எடுத்தது. அந்த நேரத்தில்தான் "இது எனக்கு எதற்கு?" என்ற எண்ணம் வரும், பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது 2017இல் காலாவதியாகும்வரை கட்டிக்காத்தது. ஒரு சொடுக்கு குறைவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பணம் கையை விட்டுப் போகும்போது மனதில் சின்னதாக ஒரு வலி இருக்கும். அது குறைந்தால் செலவு கூடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2001இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மீதிப் பேரிடம் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். கார்டு குழு கேட்ட விலை ரொக்கக் குழுவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த ஆய்வு நடந்த காலத்தில் கார்டைப் பர்சிலிருந்து எடுக்கவாவது வேண்டியிருந்தது. இன்று விரல் வைத்தால் முடிந்தது. அதிலும் நீங்கள் வாங்குவது இரவில், களைத்துப்போயிருக்கும் நேரத்தில்.

போதாக்குறைக்கு, சில தளங்கள் வேண்டுமென்றே அவசரப்படுத்துகின்றன. பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களைக் கணினி மூலம் அலசினார்கள். 1,254 தளங்களில், வாங்குபவரை ஏமாற்றியோ நெருக்கியோ முடிவெடுக்க வைக்கும் வடிவங்கள் 1,818 இடங்களில் இருந்தன. நிஜத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும் என்றும் சொன்னார்கள். "இந்தச் சலுகை இன்னும் 9 நிமிடம் 42 விநாடி" என்று ஓடும் கடிகாரம் அதில் ஒன்று. அடுத்த தடவை அப்படி ஒன்றைப் பார்த்தால், எண் என்ன என்று குறித்துக்கொண்டு பக்கத்தை மூடுங்கள். கடிகாரம் முடியும்வரை காத்திருந்து திரும்பத் திறங்கள். பல இடங்களில் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், சலுகை அப்படியே இருக்கும். ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த அவசரம் உங்களிடம் வேலை செய்யாது. இந்த மாதிரி வேலையை என் தொழிலில் இருப்பவர்கள் செய்யக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

என்ன செய்வது? சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை எல்லாச் செயலிகளிலிருந்தும் அழித்துவிடுங்கள். எழுந்து போய்க் கார்டை எடுத்து, பதினாறு எண்ணையும் தட்ட வேண்டிய நிலை வரட்டும். ஷாப்பிங் செயலியைப் போனிலிருந்தே நீக்கிவிட்டு, வேண்டும்போது கணினியில் தளத்தைத் திறந்து வாங்கினால் இன்னும் நல்லது.

அப்புறம், பலரும் "கார்ட்டில், அதாவது செயலியின் வாங்கும் கூடையில், போட்டுவிட்டு ஒரு நாள் காத்திரு" என்று சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். கார்ட்டில் ஒரு பொருள் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்காமல் போனால் நினைவூட்டல் வரும், "உங்களுக்காக மட்டும்" என்று தள்ளுபடி வரும், அதே பொருள் வேறு தளங்களில் விளம்பரமாகத் துரத்தும். மறந்துபோயிருக்க வேண்டிய ஆசையை அது தினமும் தட்டி எழுப்பும். அதனால் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பொருளின் பெயர், தேதி, எதற்காக வேண்டும் என்று ஒரு வரி. ஒரு வாரம் கழித்து அந்தத் தாளைப் பாருங்கள். எது உண்மையிலேயே தேவை என்று அதில் தெரிந்துவிடும். தேவையானதைத் தயங்காமல் வாங்குங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். இதில்தான் உங்களுக்கு வருத்தம் அதிகம் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

ஒருமுறை ஒரு செய்திச் செயலியைச் சோதிக்கும்போது, ஒருவர் கட்டுரை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் பத்தியின் நடுவில் இருக்கும்போதே கட்டைவிரல் திரையை மேலே தள்ளத் தொடங்கிவிடும். கண் விரலைத் துரத்திக்கொண்டு ஓடும். நடுவில் மேலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கியது. அவர் அதைத் திறக்கக்கூட இல்லை, ஓரமாகத் தள்ளிவிட்டார். ஆனால் திரும்பப் படிக்கத் தொடங்கியது விட்ட வரியிலிருந்து அல்ல, இரண்டு பத்தி தள்ளி. நடுவில் இருந்ததை விட்டுவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. முடித்ததும் "படிச்சுட்டேன்" என்றார். அவர் மனதார அப்படித்தான் நம்பினார்.

இது போன் வந்த பிறகு முளைத்த பழக்கம் இல்லை. இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் சோதித்தபோதே, 79 சதவீதம் பேர் பக்கத்தை மேய்ந்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவீதம். தேடவும் மேயவும் பழகிய இடம் திரை. அங்கே நாவலைத் திறந்தாலும் கையும் கண்ணும் பழைய வேலையைத்தான் செய்யும். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். அதற்காகப் பிற்பாடு வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பக்கம் முடிகிற இடம் என்று ஒன்று இருந்தால்தான் "போதுமா, தொடரலாமா" என்று மனம் கேட்கும்.

அப்படியானால் திரைதான் குற்றவாளியா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2018இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மொத்தம் 1,70,000 பேருக்கு மேல் அதில் அடக்கம். தகவல் சொல்லும் எழுத்துகளைத் தாளில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. நேரம் குறித்துப் படிக்கச் சொன்னால் வித்தியாசம் இன்னும் கூடியது. ஆனால் கதைகளைப் பொறுத்தவரை தாளுக்கும் திரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நீங்கள் படிப்பது நாவல். ஆகவே உங்கள் கவனத்தைக் கலைப்பது அந்தத் திரையைவிட அதே திரைக்குள் குடியிருக்கும் மற்றவைதான். அவற்றை வெளியே அனுப்பினால் போனிலேயேகூட நாவல் படிக்கலாம்.

இனி இ-ரீடர் விஷயம். அதன் திரையில் இருப்பது மின்மை, அதாவது இ-இங்க். நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கும். மின்னூட்டம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும், மற்ற நேரம் எழுத்து அச்சடித்த மாதிரி அப்படியே நிற்கும். இந்தத் திரை மெதுவானது, வீடியோ பார்க்க லாயக்கில்லை. படிப்பவருக்கு இந்த மெதுவே பெரிய வரம். உருட்டுவது சரிவராது, பெரும்பாலும் பக்கம் பக்கமாகத்தான் போக வேண்டும்.

தூக்கத்துக்கும் இது நல்லது. 2014 கடைசியில் வெளியான ஒரு ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூங்கச் சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. 12 பேரை மட்டுமே வைத்து, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து நடத்திய ஆய்வு அது, அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும்.

ஆனால் உடனே போய் இ-ரீடர் வாங்காதீர்கள். வாங்குவதைக் குறைக்க வழி கேட்டவருக்கு இன்னொன்றை வாங்கச் சொல்வது முறையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பல இ-ரீடர்களில் முகப்புத் திரையிலேயே புத்தகக் கடை இருக்கும், படித்து முடித்த அடுத்த நொடி அடுத்த புத்தகத்தைக் காட்டும். முதலில் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால், அதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படிக்கும் செயலியை மட்டும் வையுங்கள். சிம் வேண்டாம். புத்தகத்தை இறக்கியதும் வைஃபையை அணைத்துவிடுங்கள். உருட்டும் முறையை மாற்றிப் பக்கம் திருப்பும் முறையில் வையுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். முக்கியமாக, தினமும் பயன்படுத்தும் போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு மாதம் இப்படிப் படிக்க முடிந்து, கண் மட்டும் களைக்கிறது என்றால், அப்போது இ-ரீடர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்கினாலும் விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள்.

திறக்காத அந்த நாற்பது மின்னூல்களைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மின்னூலுக்குப் பணம் கட்டும்போது பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதிதான். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஏற்கெனவே வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து (அமேசானின் இ-ரீடர்) இரண்டு நாவல்களை அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்பக் கிடைத்தது, ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் போனது போனதுதான். ஆகவே பின்னாளுக்கு என்று மின்னூலைச் சேர்த்துவைப்பதில் லாபமில்லை. படிக்கப் போகும் அன்று வாங்கினால் போதும்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பெரும்பாலான கடைகளில் முதல் சில பக்கங்களை இலவச மாதிரியாக இறக்கிக்கொள்ளலாம். மாதிரியைக் கடைசி வரி வரை படித்தால் மட்டுமே புத்தகத்தை வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல புத்தகங்கள் மாதிரியோடு நின்றுவிடும். எது உங்களை உண்மையில் இழுக்கிறது என்பதும் தெரியும். பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள் வேண்டுமென்றால் காசே வேண்டாம். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் முதல் எத்தனையோ இணைய நூலகங்கள் அவற்றை இலவசமாகவே தருகின்றன.

கடைசியாக, நீங்கள் பத்தாம் பக்கத்தில் நிறுத்தும் நாவல். இன்றைக்கே தொடருங்கள், ஆனால் விட்ட பக்கத்திலிருந்து வேண்டாம், முதல் பக்கத்திலிருந்து. பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். யார் யார் வருகிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று பெயர் வர வர எழுதுங்கள். நார்வேயின் ஆன் மாங்கென் குழு 50 பேரிடம் ஒரே கதையைப் பாதிப் பேருக்கு அச்சிலும் பாதிப் பேருக்குக் கிண்டிலிலும் கொடுத்துப் பார்த்தது. கதை இருவருக்கும் புரிந்திருந்தது, எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்ற வரிசையில்தான் கிண்டில்காரர்கள் தடுமாறினார்கள். புத்தகத்தில் இடது கையில் படித்ததன் கனமும் வலது கையில் மீதியின் கனமும் தெரியும். திரையில் அது கிடையாது, அந்த வேலையைத் துண்டுத் தாள் கொஞ்சம் செய்யும். முதல் வாரம் நாளுக்கு இருபது நிமிடம் போதும், கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு நிமிடத்தில் கை பரபரக்கும், எதையாவது திறக்கத் தோன்றும். அந்தப் பரபரப்பு வந்தால், விட்ட வாக்கியத்தை மட்டும் உதடு அசைய ஒரு தடவை வாசியுங்கள். பெரும்பாலும் அடுத்த வாக்கியத்துக்கு அது கூட்டிக்கொண்டு போய்விடும்.