வாயுப் பிடிப்பு என்று சோடா குடிக்கலாமா?

பிரஷரும் சுகரும் உள்ளவர்கள் மாரடைப்பு வராமல் பார்த்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அம்மாவுக்கு 58 வயது. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. போன வாரம் பிரஷர் 126/80. "சரியாப் போச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்கிறார். நிறுத்தலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

கூடாது. அந்த 126, மாத்திரை போடுவதால் வந்த 126. பிரஷருக்குப் பலரும் போடும் அம்லோடிபின் மாத்திரை உடம்பைவிட்டுப் போகச் சில நாட்கள் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாள் 'ஒன்றும் ஆகலையே' என்றுதான் தோன்றும். பிறகு ஏறும்போது தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லாமலே ஏறும். கணுக்கால் வீங்குகிறது என்று விட நினைக்கிறாரா? அந்த மாத்திரையில் அது உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

நிறுத்துவதைப் போலவே குழப்பிக்கொள்வதும் ஆபத்து. மாத்திரை கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். வீட்டில் மிச்சமிருக்கும் வெள்ளை மாத்திரையும் புதிதாக வந்த மஞ்சளும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போட்டுவிடுவார்கள். பெயரும் மில்லிகிராமும் அச்சிட்ட பக்கத்தைக் கிழிக்காமல் மறுமுனையிலிருந்து மாத்திரை எடுக்கச் சொல்லுங்கள். புது அட்டை வந்ததும் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை போதும் இதற்கு.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. வெறும் வயிற்றில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் சுகர் மாத்திரையை மட்டும் தள்ளிவைத்து, ரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு போடலாம். பிரஷர் மாத்திரையை இரண்டு மடக்குத் தண்ணீரில் வழக்கம்போல் போட்டுக்கொண்டே போகலாம்.

தூள் உப்பை விட்டுக் கல் உப்புக்கு மாறினால் பிரஷருக்கு நல்லதா?
– வாசகர், பண்ருட்டி

கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அளவுதான் முக்கியம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

தினமும் நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். ஊறுகாய் போட்டது, மாட்டுத் தொட்டியில் போட்டது இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். பழைய சோற்றில் உப்பும் போட்டு மோர் மிளகாயும் கடிப்பது இரட்டை உப்பு. சின்ன வெங்காயம் போதுமே.

கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

வீட்டு பிரஷர் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டுகிறதே?
– வாசகர், மணப்பாறை

பெரும்பாலும் உட்காரும் விதத்தில்தான் கோளாறு. டீ, பீடி முடித்து அரை மணி ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றாதீர்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

அப்பாவுக்கு ராத்திரியில் மேல்வயிறு அடைத்து வியர்க்கிறது. வாயு என்று சோடா குடித்துப் படுக்கிறார். சுகர் 12 வருடமாக இருக்கிறது.
– வாசகி, அறந்தாங்கி

சோடா குடித்ததும் வரும் ஏப்பம் எதையும் நிரூபிக்காது. சுகர் நாள்பட்டால் நரம்பு மரத்து, மாரடைப்பில்கூட நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத அசதி மட்டும் இருக்கும். இதுவரை வந்து போனதற்கு, நாளையே அழைத்துப் போய் ஈசிஜி எடுங்கள். மறுபடி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள்.

மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் இது உண்டு. வயிற்றுப்புண், பக்கவாதம் இருந்ததா என்று கேட்டுத்தான் தருவார்கள். வீட்டில் வாங்கிவைத்து நாமே போடுவதற்கல்ல. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்குகிறேன். பிரஷர் இறங்கவே இல்லை.
– வாசகி, சங்கரன்கோவில்

அந்தச் செட்டில் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை இருக்கலாம், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கலாம். டைக்ளோபினாக் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும். வலிக்குப் பாராசிட்டமால் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பல மாதமாகச் செட் போட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல், மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் அவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.