வாசகர் கேள்வி – பதில்: ஜாஸ்பர் என்று விற்பதெல்லாம் ஜாஸ்பர்தானா?

கேள்வி: பொருட்காட்சி ஒன்றில் மெருகேற்றிய ஐந்து கற்களை வாங்கினேன். சிவப்பு ஜாஸ்பர், பிளட்ஸ்டோன், ஓஷன் ஜாஸ்பர், டால்மேஷன் ஜாஸ்பர், சிறுத்தைத்தோல் ஜாஸ்பர் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஐந்தும் ஒரே கல்லின் வகைகளா? ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே கண்டறிய முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐந்தும் ஒரே கல் அல்ல. வணிகத்தில் வழங்கும் பெயர் பெரும்பாலும் கல்லின் தோற்றத்தைப் பார்த்து வைத்தது. அதன் உட்பொருளைப் பார்த்து வைத்தது அன்று. குவார்ட்ஸ் என்னும் சிலிக்காக் கனிமம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக இறுகி, இரும்பு ஆக்சைடு, களிமண் போன்ற பிற பொருள்களும் கலந்ததால் ஒளி ஊடுருவாதபடி ஆன கல்லே ஜாஸ்பர். இரும்புக் கனிமங்களுள் ஹேமடைட் கலந்தால் சிவப்பும், கோதைட் கலந்தால் மஞ்சளும் பழுப்பும் வருகின்றன. அதே நுண்குவார்ட்ஸ் கலப்புக் குறைந்து, ஒளியை ஓரளவு விடுமானால் அது கால்செடோனி; அதில் வரிவரியாகப் பட்டைகள் ஓடினால் அகேட்; செம்மஞ்சள் நிறம் கொண்டால் நம் தொல்லியலாளர்கள் சூதுபவளம் என்று எழுதும் கல். ஒரே கல்லின் ஒரு பாதி ஜாஸ்பராகவும் மறுபாதி அகேட்டாகவும் இருப்பது உண்டு என்பதால், இவற்றுக்கு இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லையை எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் இருட்டறையில் கைப்பேசி விளக்கைக் கல்லின் மெல்லிய ஓரத்துக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஓரம் தேன்போல ஒளிர்ந்தால் அது கால்செடோனி வகை. சிறிதும் ஒளி வராவிட்டால் ஜாஸ்பராக இருக்கலாம். அடுத்து, மெருகு கெட்டாலும் பாதகமில்லாத ஒரு மூலையில் எஃகுக் கத்தியின் முனையை இழுங்கள். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவில் ஜாஸ்பர் 6.5 முதல் 7 வரை. ஆகவே கத்தி கல்லைக் கீறாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறக் கோடாகக் கல்லின்மேல் படியும். கீறல் விழுந்து மாவு உதிர்ந்தால், அது சாயமேற்றிய சுண்ணாம்புக்கல்லாகவோ மாக்கல்லாகவோ வேறொரு மென்கல்லாகவோ இருக்கலாம். அந்த மாவில் ஒரு துளி வினிகரை விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக்கல் என்று கொள்ளுங்கள்.

கடினத்தன்மையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள் என்பதற்குத் தங்களிடம் உள்ள டால்மேஷன் கல்லே சான்று. அது கத்திக்கு மசியாது. ஆனாலும் ஜாஸ்பர் அன்று. மெக்சிகோவிலிருந்து வரும் அந்தக் கல் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் குவார்ட்ஸும் சேர்ந்த எரிபாறை, அதாவது உருகிய பாறைக்குழம்பு இறுகி உண்டான பாறை; கரும்புள்ளிகள் ஆம்ஃபிபோல் வகைக் கனிமம். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் மணிமணியான துகள்கள் தனித்தனியாகத் தெரியும். நல்ல ஜாஸ்பரில் அப்படி எதுவும் தெரியாது. உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல வளைந்து, மங்கிய மெழுகுப் பளபளப்புடன் இருக்கும். சிறுத்தைத்தோல் என்பது ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை. மடகாஸ்கரின் வடமேற்குக் கடற்கரையிலிருந்து வரும் ஓஷன் ஜாஸ்பரில் வட்டவட்டமான உருவங்களுக்கு இடையே ஒளி ஊடுருவும் கால்செடோனி நிறைய இருப்பதால், அதை ஜாஸ்பருக்கும் கால்செடோனிக்கும் இடைப்பட்ட கல் என்றே வகைப்படுத்துவேன். பிளட்ஸ்டோன் செம்புள்ளி தெறித்த பச்சைக் கால்செடோனி. குஜராத்தின் எரிமலைப் பாறைப் பகுதிகளில் நெடுங்காலமாகக் கிடைப்பது. சிவப்புக் கல் மேற்கண்ட சோதனைகளில் தேறினால், தங்கள் ஐந்தில் ஐயமற்ற ஜாஸ்பர் அது ஒன்றுதான்.

இவ்வாறு சொல்வதால் மற்ற நான்கும் மதிப்புக் குறைந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ரயோலைட்டை ரயோலைட் என்று அறிந்து வைத்திருப்பது, பொய்ப்பெயரோடு வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். சாயம் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க, நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். நிறம் பஞ்சில் இறங்கினாலோ, வெடிப்புகளில் மட்டும் அடர்ந்து தேங்கியிருந்தாலோ அது செயற்கை.

கேள்வி: நொய்யல் கரையோர வயல்களில் மழைக்குப் பின் சிவப்பும் வரியும் கொண்ட சிறு கற்கள் கிடைக்கின்றன. சேகரிக்கலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தயவுசெய்து சற்று நிதானியுங்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் கொடுமணல் அந்த நொய்யலின் கரையில்தான் இருக்கிறது. அங்கு நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், அகேட், ஜாஸ்பர், படிகம், பச்சைக்கல் ஆகியவற்றாலான மணிகளோடு, துளையிட்டு முடிக்காத மணிகளும் செதுக்கும்போது தெறித்த சில்லுகளும் கிடைத்துள்ளன. தாங்கள் வயலில் எடுக்கும் வரிக்கல் ஆறு உருட்டி வந்த கூழாங்கல்லாக இருக்கலாம்; இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மணிக்கொல்லர் கழித்துப் போட்ட சில்லாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் வேண்டுமென்றே தட்டியெடுத்த தழும்போ, சிறு குழிவோ, துளையின் தொடக்கமோ தென்பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதை இழந்த சில்லு ஆய்வாளருக்கு ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. திருவக்கரை, சாத்தனூர் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படும் கல்மரங்களிலிருந்தும் (கல்லாக மாறிய தொன்மரங்கள்) ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது.

தொல்லிடம் அல்லாத நிலத்தில், உரிமையாளர் இசைவோடு எடுக்கும் கற்களுக்கு அன்றைக்கே எண்ணிட்டு, ஊர், ஓடை, நாள் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று நான் ஒதுக்கி வைத்த ஒரு பெட்டிக் கற்களுக்கு இன்றுவரை ஊர் சொல்ல இயலவில்லை.

கேள்வி: கற்களை வீட்டில் நானே அறுத்து மெருகேற்றலாமா?
– வாசகர், சேலம்

பதில்: நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும் வைர விளிம்புச் சக்கரம் இருந்தால் செய்யலாம். உலர்ந்த நிலையில் ஒருபோதும் அறுக்காதீர்கள். இக்கற்களின் தூசி சிலிக்கா. அது நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களைச் சாணை பிடித்துப் பிழைத்த தொழிலாளர் பலர் இந்நோயால் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். மின்சாணையை வீட்டுக்குள் வைக்காமல் திறந்த வெளியில் வைத்து, தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணிந்து, வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.